இடதுபக்கம் ஆடிய மாமனும் மச்சானும்

இந்த வருஷம் நம் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, என்னைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "சார், இந்தியாவுக்கு ஆடினீங்களாமே, எத்தனை கோல் போட்டீங்க?" ஒன்றுகூட இல்லை. தைரியமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நான் பின்னால் நின்று ஆடியவன். முன்னால் ஆட ஆசைப்பட்டு, ஆட வேண்டிய நாளில் அந்த இடத்தை நானே விட்டுக் கொடுத்ததால்தான் நாட்டுக்கு ஆடினேன். அதற்கு முதல் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை.

நான் வளர்ந்தது ரங்கூனில். அப்பாவுக்குப் பூர்வீகம் காஞ்சிபுரம். ரங்கூனில் பட்டுக் கடை வைத்திருந்தார். அறுபதுகளின் நடுவில் பர்மாவை விட்டு எல்லோரும் கிளம்ப வேண்டி வந்தபோது நானும் அப்பாவும் அம்மாவும் கப்பல் ஏறினோம். ஏறும் இடத்தில் சுங்கக்காரர்கள் அம்மாவின் கழுத்துச் சங்கிலியை வாங்கிக்கொண்டார்கள். என் கால்பந்து பூட்ஸை மட்டும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் பத்திரமாகக் கொண்டுவந்த ஒரே சொத்து அது.

அக்கா செண்பகம் வரவில்லை. அவள் ஒரு பர்மாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். எனக்குப் பந்தாடக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான். பர்மாவில் பிரம்பில் பின்னிய பந்து ஒன்று உண்டு, கையால் தொடாமல் காலாலேயே தட்டித் தட்டிக் கீழே விழாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பின்சந்தில் அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அதை ஆடுவாள். முதுகுக்குப் பின்னால் விழும் பந்தைத் திரும்பாமலே குதிகாலால் தூக்கி முன்னால் கொண்டுவருவது அவளுடைய வித்தை. நான் செய்யும்போதெல்லாம், "டேய், நிக்கிற கால் முட்டியை மடக்காதடா!" என்று கத்துவாள்.

நாங்கள் வந்தபின் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. நாங்கள் எழுதியதெல்லாம், அவர்கள் வீடு மாறிவிட்டார்கள் என்று திரும்பி வந்தது. எங்களைப் போல வந்தவர்கள் திரும்பப் போய்ப் பார்ப்பது என்பது நடக்காத காரியம். அம்மா பேசும்போது செண்பகத்தின் பேரை எடுக்கமாட்டாள், ஆனால் சோறு வைக்கும்போது ஒரு தட்டு அதிகமாக எடுத்து, பிறகு உள்ளே வைப்பாள். எனக்கு அதைப் பார்க்கவே முடியாது.

காஞ்சிபுரத்தில் எனக்குச் சாயப்பட்டறையில் வேலை. கை எப்போதும் அரக்கு நிறமாக இருக்கும். சாயங்காலம் ஆனால் மைதானம். எங்கள் தெரு அணியில் பதினொரு பேரில் ஒன்பது பேர் நெசவாளிகள். யாருக்கும் பூட்ஸ் கிடையாது. எனக்கு இருந்தது. போதாததற்கு ரங்கூன் இளைஞர் அணியில் ஆடினவன் என்று நானே சொல்லித் திரிந்தேன். ஆறு மாதத்தில் என்னைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள். என் பேரை யாரும் சொன்னதில்லை. "ரங்கூனு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்போது மாமன் மச்சானுக்கு வருகிறேன். அணியின் இடதுபக்கம் ஏகாம்பரம், கோட்டோரம் ஓடுகிற லெஃப்ட் அவுட். அவருக்கு உள்பக்கம் லெஃப்ட் இன், குமரேசன். குமரேசனின் அக்காவைத்தான் ஏகாம்பரம் கட்டியிருந்தார். இருவரும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். காஞ்சிபுரம் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் கோத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் கோர்வை என்பார்கள். அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நூல் சுற்றிய நாடாக் கட்டையை வீசினால் மற்றவர் அதே மூச்சில் தன் நாடாவை வீச வேண்டும். ஒரு நொடி தப்பினால் கரை பல்லைக் காட்டும்.

இந்த இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குமரேசன் தன் தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது ஏகாம்பரத்தின் பேர் விட்டுப்போய்விட்டது. வேண்டுமென்றே இல்லை, அச்சாபீஸில் நடந்த பிசகு. ஆனால் வீட்டு மாப்பிள்ளையின் பேர் பத்திரிகையில் இல்லையென்றால் அந்த ஊரில் அது சும்மா விஷயமா? அன்று மூடிய வாயை ஏகாம்பரம் திறக்கவில்லை. குமரேசனும் வீம்புக்கு மூடிக்கொண்டார். அதற்காகத் தறியை நிறுத்த முடியுமா? அதே தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, தோளோடு தோள் உட்கார்ந்து, காலையிலிருந்து பொழுதுசாயும்வரை வாயே திறக்காமல் நெய்வார்கள்.

மைதானத்திலும் அதே கூத்து. நான்தான் தபால்காரன்.

"ரங்கூனு, அந்த ஆளாண்ட சொல்லுப்பா, பந்தைக் கொஞ்சம் முன்னாடி போடச் சொல்லு."

"ரங்கூனு, முன்னாடி போட்டா ஓடறதுக்குக் காலு இருக்குதான்னு அவரையே கேளு."

இரண்டு பேரும் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு இப்படிச் சொல்வார்கள். எனக்குத் தலை வலிக்கும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எந்த மடையன் ஆட்டம் நடத்துவான் என்று நினைத்தேன். மடையன் யார் என்பது பிறகு தெரிந்தது.

ஒருநாள் பட்டறையில் நூல் சுற்றி வந்த செய்தித்தாளில் 'ரங்கூன்' என்ற எழுத்து கண்ணில் பட்டது. நூலைக் கீழே போட்டுவிட்டுப் படித்தேன். ரங்கூனில் பல நாடுகள் ஆடும் கால்பந்துப் போட்டி, இந்திய அணியும் போகிறது. கப்பலில் துரத்திவிட்ட ஊருக்கு, ஜெர்ஸி போட்டுக்கொண்டு ராஜாவாகத் திரும்பிப் போகலாம். அக்காவைப் பார்க்கலாம். வேறு வழியே கிடையாது, இது ஒன்றுதான்.

அடுத்த வாரமே இன்னொரு சேதி. எங்கள் ஊர்க் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு இந்திய அணிக்கு ஆள் பார்க்கும் தேர்வாளர் ஒருவர் மெட்ராஸிலிருந்து வருகிறார், அவர் லெஃப்ட் இன் ஆடுகிற ஆள் ஒருவனைத் தேடுகிறார். எதிரணி மெட்ராஸ் ஆபீஸ் அணி, பதினொரு பேருக்கும் பூட்ஸ்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கேப்டன் அல்லவா? குமரேசனைத் தூக்கி வலதுபக்கக் கோடியில் போட்டேன். லெஃப்ட் இன் இடத்தில் நான் நின்றுகொண்டேன். கேட்டவர்களிடம், "ரங்கூன்ல இப்படித்தான் ஆடுவாங்க. பேச்சில்லாதவங்களைப் பிரிச்சு வைக்கணும்" என்று சட்டம் பேசினேன். பொய் இல்லை, எனக்கே அது நிஜம் என்றுதான் தோன்றியது. நம் ஆசைக்கு வேண்டிய நியாயம் நம் மூளையிலேயே கிடைத்துவிடும், பிள்ளைகளே. அப்போதுதான் நிறையப் பயப்பட வேண்டும்.

குமரேசன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "நீ கேப்டனுப்பா, நீ சொன்னா சரி" என்று வலதுபக்கம் நடந்துபோனார்.

முதல் பாதி நாசம். மைதானத்தைச் சுற்றி ஊரே நிற்கிறது, தறியை நிறுத்திவிட்டு வந்த கூட்டம். தேர்வாளர் வெள்ளைச் சட்டையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஒவ்வொரு பந்தும் ரங்கூன் டிக்கெட்டாகத் தெரிந்தது. மூன்று பேரைத் தாண்டினேன், நான்காவது ஆளிடம் பறிகொடுத்தேன். திரும்பத் திரும்ப அதேதான். ஏகாம்பரம் போட்ட பந்தெல்லாம் எனக்கு ஓரடி பின்னால் விழுந்தது. நான் போட்டதெல்லாம் அவருக்கு ஓரடி முன்னால் கோட்டைத் தாண்டிப் போனது. இரண்டு கோல் வாங்கிவிட்டோம். தேர்வாளர் இரண்டாவது கோலுக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்ததை நானே பார்த்தேன்.

இடைவேளையில் ஏகாம்பரம் மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். "என்ன மாமா, ஒரு பந்தாவது ஒழுங்கா என் கால்ல போடக் கூடாதா?"

அவர் கோபப்படவில்லை. "உன் காலு நல்ல காலுதாம்பா. ஆனா பந்தைப் போடறப்ப நீ எங்க நிக்கிறேன்னு நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்குது. பார்த்துக்கினு போட்டா லேட்டாயிடுது. அந்த ஆளுன்னா நான் பார்க்கறதே இல்ல."

"அவர் மூஞ்சியைப் பார்க்கவே உங்களுக்குப் பிடிக்காதே!"

"அதாம்பா சொல்றேன். பார்க்காமலே தெரியும்."

இரண்டு வருஷமாகத் தபால் சுமந்த நான், அந்தத் தபாலில் ஒன்றுகூட அவர்கள் ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை. தோளோடு தோள் உட்கார்ந்து வருஷக்கணக்கில் நாடா வீசிய இரண்டு பேர். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரியும். அவர்களுக்கு நடுவில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நான் போய் நின்றிருந்தேன்.

விசில் ஊதச் சில நிமிடங்கள்தான் இருந்தன. குமரேசனை லெஃப்ட் இன்னுக்குக் கொண்டுவந்தால் நான் எங்கே நிற்பது? நடுவில், பின்னால், சென்டர் ஹாஃப் மட்டும்தான் எனக்குச் சரிப்படும் இடம். தேர்வாளர் தேடி வந்தது லெஃப்ட் இன். பின்னால் நிற்பவனை யார் பார்ப்பார்கள்? அம்மா எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் அந்தத் தட்டு கண்முன்னால் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. ஆனால் சுற்றிலும் பார்த்தால் தறியை நிறுத்திவிட்டு வந்த ஜனம். என் அக்காவைப் பார்க்க இவர்கள் ஏன் தோற்க வேண்டும்?

"குமரேசண்ணே, உங்க இடத்துக்கு வாங்க. நான் பின்னாடி போறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த மெட்ராஸ்காரரு உன்னைப் பார்க்கணுமேப்பா? அக்கா...?"

"போங்கண்ணே, விசில் ஊதறாங்க!"

அப்புறம் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டுதான் சொல்வேன். நான் பின்னாலிருந்து ஏகாம்பரத்துக்கு ஒரு பந்தைத் தள்ளுகிறேன். அவர் நிறுத்தவில்லை, தலையைத் திருப்பவில்லை, வெறுங்காலின் ஓரத்தால் உள்ளே தட்டினார். குமரேசன் அங்கே இருந்தார். குமரேசன் தட்டினார், ஏகாம்பரம் அங்கே இருந்தார். தட்டு, தட்டு, தட்டு! பூட்ஸ்காரர்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். கோல்! ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதே பாதையில் இன்னொன்று. கோல் போட்ட இருவரும் கட்டிக்கொண்டார்களா? அதுதான் இல்லை. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மீதி நேரம் நான் பின்னால் நின்று மெட்ராஸ்காரர்களின் முதுகை ஒட்டியே ஓடினேன். கடைசியில் ஒரு பந்தைக் கோட்டின்மேல் நெஞ்சால் தடுத்தேன். இரண்டுக்கு இரண்டு. காசு சுண்டிப் பார்த்ததில் கோப்பை அவர்களுக்குப் போனது. எங்கள் ஜனம் அதைச் சட்டையே செய்யவில்லை, ஜெயித்தது போலத் தாரை தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தேர்வாளர் நேராகக் குமரேசனிடம் வந்தார். "தம்பி, திங்கட்கிழமை மெட்ராஸுக்கு வர முடியுமா? கேம்ப் இருக்கு."

என் ரங்கூன் டிக்கெட் போய்விட்டது. ஆனால் நியாயம் அதுதான்.

குமரேசன் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்கு மெட்ராஸ் எல்லாம் வேணாங்க சார். தறியில முகூர்த்தப் புடவை பாதியில நிக்குது. நான் எழுந்து வந்துட்டா அந்த ஆளு யாரோட உக்காருவாரு?" பிறகு என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். "இவனைக் கூட்டிக்கினு போங்க. இவனுக்கு ரங்கூன்ல அக்கா இருக்குது சார்."

"இது என்னய்யா, சொந்தக்காரங்களைப் பார்க்க விடற பஸ்ஸா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நகராமல் நின்றார். "பாதி ஆட்டத்துல இடத்தை மாத்தினது யாரு?"

"இவன்தான் சார்."

"லெஃப்ட் இன்னுக்கு நீ வேணாம்ப்பா. உன்னை மாதிரி பத்துப் பேர் இருக்காங்க" என்றார் என்னிடம். "ஆனா பின்னாடி நின்னு ஆட்டம் முழுக்கக் கண்ணுல வெச்சிருந்தியே, அதுக்கு எனக்கு ஆள் கிடைக்கல. நீ வா."

கேம்பில் பட்ட பாட்டையெல்லாம் விட்டுவிடுகிறேன், நீங்களும்தான் தினம் படுகிறீர்கள். பட்டியலில் என் பேர் வந்தது. கிளம்பும் அன்று ஏகாம்பரம் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ரவிக்கைத் துண்டு. இருவரும் சேர்ந்து நெய்தது. "அக்கா வூட்டுக்கு வெறுங்கையோட போவாதேப்பா" என்றார்.

ரங்கூனில் ஓட்டலைவிட்டு வெளியே காலெடுத்து வைக்க அனுமதி இல்லை. வாசலில் காவல். ரூம் பெருக்க வந்தவரிடம் அக்காவைப் பற்றிப் பர்மிய மொழியில் கெஞ்சிக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. இரண்டு ஆட்டம் முடிந்தது. யாரும் வரவில்லை. என் பழைய தெரு மைதானத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நான் அதைப் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவதும் கடைசியுமான ஆட்டம் பர்மாவோடு. கூட்டம் பிதுங்கியது. ஆட்டம் துவங்கும் முன்னால் கால்களைச் சூடு பண்ணும் நேரத்தில் நான் மலிவு டிக்கெட் பக்கமாகப் போனேன். பந்தைத் தலைக்குமேல் தட்டி, முதுகுக்குப் பின்னால் விழவிட்டு, திரும்பாமல் குதிகாலால் முன்னால் தூக்கினேன். திரும்பத் திரும்பச் செய்தேன். பர்மாக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு வேண்டிய குரல் வரவில்லை.

இரண்டாம் பாதியில், அதே பக்கத்தில், கையால் பந்து எறிய நான் கோட்டருகே போனேன். பந்தைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறேன். அத்தனை பர்மியக் கூச்சலுக்கு நடுவில் தமிழ் வந்தது.

"டேய் தம்பி! இன்னும் முட்டியை மடக்கறியேடா!"

திரும்பினால் பார்த்துவிடலாம், பின்னால் பத்தடிதான். ஆனால் நான் காக்க வேண்டிய ஆள் ஓடத் துவங்கியிருந்தான். பந்தை எறிந்துவிட்டு அவன் பின்னால் ஓடினேன். ஆட்டம் முடிய இன்னும் கால் மணி. அந்தக் கால் மணியும் அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. பார்க்காமலே தெரியும் என்று ஏகாம்பரம் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அவள் இருக்கிறாள், அது போதும். அந்தக் கால் மணிபோல நான் என்றைக்கும் ஆடியதில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம், அதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தமே வரவில்லை.

விசில் ஊதியதும் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன். காவலர் தடுத்தார். "என் அக்கா!" என்று பர்மியத்தில் அலறினேன். அவர் கையை இறக்கினார். வேலிக்கு அந்தப்பக்கம் செண்பகம், பர்மிய லுங்கியில், இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அதன் கையில் ஒரு சின்னப் பிரம்புப் பந்து. ரேடியோவில் என் பேரைக் கேட்டு, கடைசி ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்ததாம். முதலில் இருவரும் அழுதோம். என்னென்ன பேசினோம் என்று நினைவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் பத்துத் தடவை கேட்டாள். புது விலாசத்தை என் கையிலேயே எழுதினாள்.

துண்டைக் கொடுத்தேன். அம்மா செய்வது போலவே உள்பக்கத்தைத் திருப்பி, கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இழையே தெரியலையே. யார் நெய்தது?"

"மாமனும் மச்சானும். ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லக்கா."

"பேச்சே இல்லாமலா இப்படி?" அழுகைக்கு நடுவில் சிரித்தாள். குழந்தையின் கையிலிருந்து பிரம்புப் பந்தைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. "இதைக் கொண்டுபோய் அவங்களுக்குக் கொடு" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது.

காஞ்சிபுரம் திரும்பினேன். விலாசத்தை அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் பந்தோடு அவர்கள் தெருவுக்கு ஓடினேன். தெருவின் நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள், புடவைக்கு வேண்டிய நீளப் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். ஏகாம்பரம் ஒரு பக்கம், குமரேசன் ஒரு பக்கம், அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். பாவு போட்ட தெருவில் சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவான். இந்த இந்திய வீரனுக்கு அந்த நினைப்பு எங்கே இருந்தது? "அக்கா வித்தையைப் பாருங்க!" என்று பந்தைத் தூக்கி, முதுகுக்குப் பின்னால் விட்டு, குதிகாலால் தட்டினேன்.

முட்டியை மடக்கிவிட்டேன். பந்து எகிறி நேராகப் பாவை நோக்கிப் போனது.

"மாமா, புடி!"

குமரேசன்தான் கத்தினார். ஏகாம்பரம் பாய்ந்து காலை நீட்டினார். பட்டுக்கு ஒரு சாண் மேலே, வெறுங்கால் விரல்நுனியில் பந்தைத் தாங்கி, மெல்ல எழுப்பிக் கையில் பிடித்தார். ஓர் இழைகூட அறுபடவில்லை. என்னைத் திட்ட வாயெடுத்த தெரு அப்படியே நின்றது. யாரும் பந்தைப் பார்க்கவில்லை.

"புடிச்சுட்டேன்டா" என்றார் ஏகாம்பரம். என்னிடம் இல்லை. நேராகக் குமரேசனைப் பார்த்துச் சொன்னார்.